எல்லா நிலத்துக்கும் ஒரே சீருடை: அமெரிக்க ராணுவத்தின் யூசிபி ஏன் நிலைக்கவில்லை?

2000-களின் பின்பாதியில் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ச் செய்திகளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்தத் துணி நினைவிருக்கலாம். சாம்பல், மங்கிய பச்சை, மணல் நிறம் மூன்றையும் கலந்து சின்னச் சின்னச் சதுரங்களாக அச்சிட்டிருப்பார்கள். தலைக்கவசத்தின் உறை, சட்டை, குண்டு துளைக்காத மேலங்கி, முதுகுப்பை எல்லாமே அதே துணிதான். அமெரிக்கத் தரைப்படையின் உருமறைப்புச் சீருடை அது. ‘யூனிவர்சல் கேமஃப்ளாஜ் பேட்டர்ன்’ என்பது முழுப்பெயர். சுருக்கமாக யூசிபி.

காடோ பாலைவனமோ நகரமோ, எங்கே போனாலும் இந்த ஒன்றே போதும் என்று சொல்லி 2004 ஜூன் 14 அன்று இதை அறிவித்தார்கள். 2005-லிருந்து வீரர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் 2010-லேயே ஆப்கானிஸ்தானுக்குக் கிளம்பும் படைகளுக்கு வேறு சீருடை கொடுக்க வேண்டியதாகிவிட்டது. 2014-ல் நிரந்தர மாற்று அறிவிக்கப்பட்டது. 2019 செப்டம்பர் 30-க்குப் பிறகு யூசிபி அணியவே கூடாது என்றானது. இதற்கு முந்தைய ‘வுட்லேண்ட்’ என்ற பச்சை, பழுப்பு, கறுப்புச் சீருடை 1981-ல் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஓடியது. யூசிபியோ ஐந்தே வருடத்தில் போர்க்களத்தின் நம்பிக்கையை இழந்துவிட்டது.

ஏன் இப்படி ஆனது என்று பார்ப்பதற்கு முன்னால், உருமறைப்புத் துணி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்துவிட்டால் யூசிபி சறுக்கிய இடம் தானாகவே புலப்படும்.

கண் எதைப் பிடிக்கிறது?

உருமறைப்பு என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது நிறம்தான். காட்டில் பச்சை, மணலில் பழுப்பு. அது பாதிதான். எட்டத்தில் இருக்கும் ஒரு மனிதனைக் கண்டுபிடிக்கும்போது நம் கண் நிறத்தை நம்பியிருப்பதைவிட அதிகமாக அசைவையும், விளிம்பையும், வெளிச்சம் இருட்டு வேறுபாட்டையும் நம்பியிருக்கிறது. அசைவைத் துணியால் மறைக்க முடியாது. அதை வீரனின் பயிற்சிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற இரண்டும் துணியின் பொறுப்பு.

விளிம்பு என்றால் என்ன? ஒரு தலை, அதற்குக் கீழே சரிந்து இறங்கும் இரண்டு தோள்கள். இந்த உருவத்தை மனித மூளை எவ்வளவு மங்கலான வெளிச்சத்திலும் சட்டென்று பிடித்துவிடும். அதைக் குலைப்பதற்காகத்தான் பழைய உருமறைப்புத் துணிகளில் பெரிய பெரிய இருண்ட திட்டுகளையும் வெளிறிய திட்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு கறுப்புத் திட்டு தோளின் ஓரத்தில் வெளியே ஓடி முடிந்தால், பார்ப்பவரின் கண் அதை மரத்தின் நிழலாக எடுத்துக்கொள்ளும். தோள் அங்கே முடிகிறது என்பது தெரியாது. மனித உருவம் இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் பின்னால் இருக்கும் எதனோடோ சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது தூரம். நல்ல பார்வை உள்ள ஒருவரின் கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் சுமாராக ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் 100 மீட்டர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் ஆகிறது. அதாவது, 100 மீட்டருக்கு அப்பால் நிற்பவரின் சட்டையில் 3 சென்டிமீட்டரைவிடச் சின்னதாக என்ன கோலம் போட்டிருந்தாலும் அது தனித்தனியாகத் தெரியாது, ஒன்றோடொன்று கலந்துவிடும். மயில்கழுத்துப் பட்டுப்புடவையைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்று இழை இழையாகத் தெரியும்; மண்டபத்தின் மறுகோடியிலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரே நிறமாகத்தான் தெரியும். உருமறைப்புத் துணிக்கும் இதே விதிதான்.

ஆகவே நல்ல துணியில் இரண்டு அடுக்கு வேண்டும். கிட்டத்திலிருந்து பார்ப்பவருக்கு இலை, சருகு, கூழாங்கல் போன்ற நுணுக்கமான சிதறல். எட்டத்திலிருந்து பார்ப்பவருக்கு, அந்த நுணுக்கம் கரைந்துபோன பிறகும் மிஞ்சி நின்று விளிம்பை உடைக்கும் பெரிய திட்டுகள். இந்த இரண்டாவது அடுக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யூசிபியில் விடுபட்டது இதுதான்.

சதுரங்கள் எங்கிருந்து வந்தன?

கணினித் திரையில் தெரியும் புள்ளிகள் போன்ற சதுரங்கள் இருப்பதால் இதை ‘டிஜிட்டல்’ உருமறைப்பு என்பார்கள். இந்தப் பெயரால் ஒரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது: கேமராக்களை ஏமாற்றுவதற்காகச் சதுரம் போட்டிருக்கிறார்கள் என்று. அப்படியெல்லாம் இல்லை. சதுரம் என்பது கணினியில் வரையவும் துணியில் அச்சிடவும் வசதியான வடிவம். அவ்வளவுதான். சில பத்து மீட்டர் தள்ளி நின்றால் அது சதுரமா வட்டமா என்பதே தெரியப்போவதில்லை.

இந்த யோசனைக்கு வித்திட்டவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் திமோத்தி ஓ’நீல் என்ற அமெரிக்கத் தரைப்படை அதிகாரி. 1970-களில் அவர் ஒரு கவச வண்டியின் மேல், பெயின்ட் உருளையால் இரண்டு அங்குலச் சதுரங்களாகப் பச்சை, பழுப்பு, கறுப்பு அடித்துப் பார்த்தார். கிட்ட நின்று பார்த்தால் அலங்கோலமாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சதுரங்கள் சேர்ந்து பெரிய திட்டுகளாகி வண்டியின் உருவத்தை உடைத்தன. கிட்டே வரவர, சிறிய சதுரங்கள் புதரின் சொரசொரப்பைக் காட்டின. ஒரே பரப்பில் இரண்டு அளவிலான கோலம் என்பதால் இந்த முறைக்கு ‘டூயல் டெக்ஸ்’ என்று பெயர். ஓ’நீல் மனிதனின் பார்வையையும் கவனத்தையும் படித்தவர், பின்னால் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் உளவியல் கற்பித்தவர். அவர் சதுரங்களைப் பயன்படுத்தியது பெரிய திட்டுகளை உண்டாக்கத்தான். பின்னால் வந்த சிலர் சதுரங்களை எடுத்துக்கொண்டு திட்டுகளை விட்டுவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1990-களில் கனடா ராணுவம் இந்த வழியில் முழுச் சீருடையே தயாரித்தது. ‘கேட்பேட்’ என்ற அந்த வடிவத்தைப் பார்த்து அமெரிக்க மரைன் படையினர் தங்களுக்கென்று ‘மார்பேட்’ என்ற ஒன்றை உருவாக்கி, 2002 வாக்கில் வீரர்களுக்குக் கொடுத்தார்கள். மரைன்கள் இரண்டு விஷயங்களைச் சரியாகச் செய்தார்கள். காட்டுக்கு ஒன்று, பாலைவனத்துக்கு ஒன்று என்று இரண்டு நிறக்கலவைகளை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் நல்ல இருட்டு நிறத்தையும் நல்ல வெளிர் நிறத்தையும் விடாமல் வைத்தார்கள். அதோடு தங்கள் சின்னமான கழுகு, உலக உருண்டை, நங்கூரத்தையும் துணியின் கோலத்துக்குள்ளேயே பொடியாக அச்சிட்டுக்கொண்டார்கள். இது மரைன்களின் துணி, வேறு யாரும் போட வேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

தரைப்படைக்கும் புதுச் சீருடை தேவைப்பட்டது அதே காலகட்டத்தில்தான்.

தேவை நியாயமானதுதான்

யூசிபியைக் குறை சொல்பவர்கள் பலரும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் கடந்துபோகிறார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே துணி என்ற ஆசை அசட்டுத்தனமானது இல்லை.

அப்போது தரைப்படையிடம் இரண்டு சீருடைகள் இருந்தன. காட்டுக்கு வுட்லேண்ட். பாலைவனத்துக்கு மூன்று நிறச் சீருடை. இந்த மூன்று நிறச் சீருடைக்கே ஒரு பின்கதை உண்டு. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கர்கள் ஆறு நிறப் பாலைவனச் சீருடை ஒன்றை அணிந்திருந்தார்கள். பழுப்புப் பரப்பில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். கூழாங்கற்களும் அவற்றின் நிழலும் போல் தெரிய வேண்டும் என்பது நோக்கம். கல்லும் பாறையுமான அமெரிக்கப் பாலைவனங்களுக்கு அது பொருந்தியது. அரேபியாவின் வெறும் மணல்வெளியில் கூழாங்கல் எங்கே இருக்கிறது? போருக்குப் பிறகு அதைக் கைவிட்டு மூன்று நிறத்துக்கு வந்தார்கள். அந்த ஆறு நிறச் சீருடையும் அற்பாயுள் சீருடைதான். ஆனால் அதன் தவறு ஒரு நிலத்தை இன்னொரு நிலமாக நினைத்தது. யூசிபியின் தவறு வேறு வகை.

2003-ல் ஈராக்கில் என்ன நடந்தது என்றால், வீரர்கள் மணல் நிறச் சட்டை போட்டிருந்தார்கள், அதற்கு மேலே குண்டு துளைக்காத மேலங்கியும் பைகளும் பல பேருக்குக் காட்டுப் பச்சையில் இருந்தன. எல்லோருக்கும் கொடுக்கும் அளவுக்குப் பாலைவன நிறத்தில் மேலங்கிகள் கையிருப்பில் இல்லை. மணலில் நடக்கும் ஒருவரின் நெஞ்சுப் பகுதி மட்டும் கரும்பச்சையாக இருந்தால், துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு அது குறி காட்டிக் கொடுப்பது போல. ஒரே நிறத்தில் எல்லாம் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. கிடங்கில் இரண்டு மடங்கு சரக்கு வைக்க வேண்டாம். காட்டிலிருந்து ஊருக்கும் ஊரிலிருந்து வெட்டவெளிக்கும் ஒரே நாளில் போக நேர்ந்தால் உடை மாற்ற வேண்டாம். வழங்கல் துறையில் இருப்பவர் யாராக இருந்தாலும் இதைத்தான் விரும்புவார்.

கேள்வி, அந்த ஒரே துணி எப்படி இருக்க வேண்டும் என்பதுதான். எல்லா நிலத்திலும் சுமாராகவாவது ஒத்துப்போக வேண்டும். அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க முடியும். பின்னால் கண்டுபிடித்தும் காட்டினார்கள்.

போட்டியில் இல்லாதது ஜெயித்தது

அமெரிக்க ராணுவத்தின் உடை, உணவு, கூடாரம் எல்லாவற்றையும் ஆராயும் மையம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நேட்டிக் என்ற ஊரில் இருக்கிறது. 2002-லிருந்து 2004 வரை அங்கே புதிய உருமறைப்புக்கான சோதனைகள் நடந்தன. தூரிகையால் இழுத்தது போன்ற கோலம், தடம் பதிந்தது போன்ற கோலம், நிழல்கோடு போன்ற கோலம் என்று சில அடிப்படை வடிவங்களைக் காடு, பாலைவனம், நகரம் என்று நிறம் மாற்றி மாற்றி வெளியே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். பகலிலும் பார்த்தார்கள், இரவுப் பார்வைக் கருவிகள் வழியாகவும் பார்த்தார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்ததில், பாலைவன நிறத்தில் அமைந்த தூரிகைக் கோலம்தான் முன்னணியில் வந்தது.

ஆனால் 2004 ஜூனில் அறிவிக்கப்பட்டது அது இல்லை. மார்பேட்டின் சதுரக் கோலத்தைப் போன்ற ஒன்றை எடுத்து, அதில் மூன்று புதிய நிறங்களை நிரப்பி, அதையே சீருடையாக அறிவித்தார்கள். பாலைவன மணல், நகரச் சாம்பல், இலைப்பச்சை. அந்த மூன்று நிறங்களின் பெயரைக் கேட்டாலே எண்ணம் புரிந்துவிடும்: பாலைவனத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று. மூன்றையும் கலந்துவிட்டால் மூன்று இடத்துக்கும் ஆயிற்று. இந்தக் கோலமும் நிறமும் சேர்ந்த துணி, அறிவிக்கப்படுவதற்கு முன்னால், நேட்டிக்கில் மற்றவை சந்தித்த அந்தச் சோதனையைச் சந்திக்கவே இல்லை.

எனக்கு இந்த இடத்தில்தான் மனம் ஆறவில்லை. சட்டை தைக்கும் விதத்தைப் பற்றி எத்தனையோ யோசித்திருந்தார்கள். மேலங்கிக்கு அடியில் கை நுழையும்படி பைகளைச் சாய்த்து வைத்தார்கள். பொத்தானுக்குப் பதில் ஜிப், பெயர்ப்பட்டைக்கு வெல்க்ரோ, முழங்காலில் பஞ்சுத் திண்டு செருக இடம். எல்லாம் வீரர்களிடம் கேட்டுக்கேட்டுச் செய்தது. உயிரைக் காக்க வேண்டிய ஒரே விஷயமான நிறத்தை மட்டும் அப்படிச் செய்யவில்லை.

கறுப்பை எடுத்தபோது என்ன ஆனது?

யூசிபியில் கறுப்பு கிடையாது. வேண்டுமென்றேதான் விட்டார்கள். இயற்கையில் சுத்தக் கறுப்பு அரிது, கறுப்பு கண்ணைச் சட்டென்று இழுக்கும் என்பது ஒரு வாதம். இரவுப் பார்வைக் கருவியைப் பற்றியது இன்னொரு வாதம். அந்தக் கருவிகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு அதற்கு அடுத்த அகச்சிவப்பு ஒளியையும் பிடிக்கும். இலைகளும் புல்லும் அந்த ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்புவதால் கருவியில் வெளிச்சமாகத் தெரியும். அந்தப் பின்னணியில் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பாத சாயம் இருண்ட ஓட்டை போலத் தெரியும். ஆகையால் ராணுவத் துணிக்கான சாயங்களைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் அளந்து பார்ப்பார்கள். இது உண்மையான பிரச்சினைதான்.

ஆனால் பகலில், கறுப்பு செய்துகொண்டிருந்த வேலை என்ன? அது நிழலாக நடித்தது. இயற்கையில் கறுப்பு இலை இல்லாமல் இருக்கலாம். நிழல் இல்லாத இடம் எது? பாறையின் அடி, புதரின் உள்பக்கம், சுவரின் மூலை, வாசற்படியின் இருட்டு. எந்த நிலத்தை எடுத்தாலும் அதில் இருண்ட பகுதிகள் இருக்கும். கறுப்பாகவே வேண்டும் என்றுகூட இல்லை, கரும்பழுப்பாக இருந்தாலும் போதும். யூசிபியில் அதுவும் இல்லை.

மிஞ்சிய மூன்று நிறங்களில் மணல் கொஞ்சம் வெளிர், பச்சையும் சாம்பலும் நடுத்தரம். பெயர் வேறுவேறாக இருந்தாலும் வெளிச்ச அளவில் மூன்றுக்கும் பெரிய இடைவெளி இல்லை. ஒரு துணியில் நிறங்கள் மாறினாலும் வெளிச்ச அளவு மாறாவிட்டால், சற்றுத் தூரம் போனதும் அவையெல்லாம் ஒன்றாகக் கரைந்துவிடும். மேலே சொன்ன 3 சென்டிமீட்டர் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். யூசிபியின் சதுரங்கள் சில மில்லிமீட்டர் அகலம்தான். அவை சேர்ந்து உண்டாக்கும் திட்டுகளும் சின்னவை. 100 மீட்டரில் எல்லாம் கலந்து, கை, கால், உடல், தலை என்று முழு ஆளும் வெளிறிய பச்சைச்சாம்பலில் ஒரே உருவமாகத் தெரிகிறார். விளிம்பை உடைக்க எந்தத் திட்டும் மிஞ்சவில்லை. உருமறைப்பே இல்லாத ஒற்றை நிறச் சட்டை செய்யும் வேலையைத்தான் அது செய்தது. அந்த ஒற்றை நிறமும் பெரும்பாலான இடங்களுக்கு ரொம்ப வெளிறியது. காட்டில் மரநிழலுக்கு முன்னால் பளிச்சென்று நின்றது. ஈரமான செம்மண் மேல் நின்றது. காய்ந்த பழுப்புப் புல்லில் நின்றது.

பொருந்திய இடங்கள் இல்லாமல் இல்லை. சாம்பல் நிறச் சரளைக்கல், சிமென்ட், வெளுத்த பாறை. ஈராக்கின் நகரத் தெருக்களில் இது பெரிதாக உறுத்தாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே சண்டை பெரும்பாலும் வண்டிகளிலிருந்தும் தெருமுனைகளிலும் நடந்தது. படைவீரர் எங்கே இருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை குறைவு. அதனால் முதல் சில வருடங்கள் குறை அவ்வளவாக வெளியே வரவில்லை.

ஆப்கானிஸ்தான் மலைகளில்

ஆப்கானிஸ்தான் வேறு. அங்கே கால்நடையாக ரோந்து போக வேண்டும். ஒரே ரோந்தில் பள்ளத்தாக்கின் பச்சை வயல், மண்சுவர் வீடுகள், பழுப்பு மலைச்சரிவு, தேவதாரு மரங்கள் எல்லாம் வந்துவிடும். எதிரி எதிர் மலையிலிருந்து பல நூறு மீட்டர் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பான். எட்டத்தில் இருந்து பார்க்கும்போது துணி என்ன செய்கிறது என்பதுதான் இங்கே உயிர்ப் பிரச்சினை. யூசிபி மிகவும் பலவீனமாக இருந்தது அந்தத் தூரத்தில்தான்.

வீரர்களின் முணுமுணுப்பு அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜான் மர்த்தா, ராணுவ நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுவின் தலைவர், இதைக் கையில் எடுத்தார். 2009-ல் போருக்கான கூடுதல் நிதி மசோதாவோடு, ஆப்கானிஸ்தானில் இருப்பவர்களுக்கு அந்த நிலத்துக்குப் பொருந்தும் சீருடை கொடுக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் ராணுவத்தைக் கேட்டுக்கொண்டது. ஒரு நாட்டின் சட்டமன்றம் சட்டைத் துணியின் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டி வந்தது அபூர்வம்தான். ஆனால் மேலே இருப்பவர்கள் காதுகொடுக்காதபோது வேறு எங்கே போவார்கள்?

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. அந்த வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தானில் இருந்த இரண்டு பட்டாலியன்களுக்கு இரண்டு விதமான துணிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று, யூசிபியிலேயே பழுப்பு நிறம் ஒன்றைச் சேர்த்துச் சரிசெய்த ‘யூசிபி டெல்ட்டா’. இன்னொன்று ‘மல்ட்டிகேம்’. கூடவே ஒரு குழு அந்த நாட்டுக்கே போய், பலவிதமான துணிகளை வெவ்வேறு நிலங்களில், வெவ்வேறு தூரங்களில் வைத்துப் படம் எடுத்தது. அந்தப் படங்களை நூற்றுக்கணக்கான வீரர்களுக்குத் திரையில் காட்டினார்கள். படத்தில் ஆள் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். எவ்வளவு தூரத்தில் கண்ணில் பட்டார், எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்வார்கள். வெயில், மேகம், நேரம் எல்லாம் எல்லாத் துணிக்கும் ஒரே மாதிரி அமையும் என்பதால், நேரில் நிறுத்திவைத்துப் பார்ப்பதைவிட இந்த முறையில் ஒப்பிடுவது எளிது.

இதே மாதிரியான படச் சோதனையை நேட்டிக்கில் முன்பே செய்திருந்தார்கள் என்பது பிறகு வெளியே வந்தது. பாலைவன மார்பேட், மல்ட்டிகேம் உள்ளிட்ட நான்கு வடிவங்கள் காடு, பாலைவனம், நகரம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது யூசிபியைவிட 16 முதல் 36 சதவீதம் வரை நன்றாக மறைத்தன என்று அந்த அறிக்கை சொன்னது. கையில் அறிக்கை இருந்தும் துணி மாறாமல் இருந்த வருடங்கள் அவை.

2010 பிப்ரவரியில் முடிவு வந்தது: ஆப்கானிஸ்தானுக்கு மல்ட்டிகேம். அந்த வருடமே கிளம்பும் படைகளுக்கு அதைக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

மல்ட்டிகேம் என்ன செய்தது?

நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள கிரை பிரிசிஷன் என்ற சிறு நிறுவனத்தின் படைப்பு மல்ட்டிகேம். அதில் சதுரமே இல்லை. ஏழு நிறங்கள். பழுப்பிலிருந்து பச்சைக்கும் பச்சையிலிருந்து பழுப்புக்கும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகும் பின்புலம். அதன் மேல் சின்னச் சின்ன இருண்ட கரும்பழுப்புக் கீற்றுகளும், மிக வெளிறிய கீற்றுகளும். எட்டத்திலிருந்து பார்த்தால் உடலின் ஒரு பகுதி பச்சையாகவும் இன்னொரு பகுதி பழுப்பாகவும் தெரிந்து, உருவம் உடையும். பக்கத்தில் பச்சை அதிகமாக இருந்தால் கண் பச்சையைச் சேர்த்துக்கொள்ளும். பழுப்பு அதிகமாக இருந்தால் பழுப்பை.

கவனித்துப் பார்த்தால் இதுவும் ‘எல்லா நிலத்துக்கும் ஒன்று’ என்ற அதே எண்ணம்தான். ஆக, அந்த எண்ணம் தவறு இல்லை. யூசிபி பாலைவனத்தையும் நகரத்தையும் காட்டையும் சராசரி எடுத்துச் சாம்பலுக்கு வந்து சேர்ந்தது; சராசரியான நிலம் என்று உலகத்தில் எதுவும் இல்லை. மல்ட்டிகேம் பெரும்பாலான நிலங்களில் பொதுவாக இருப்பது எது என்று தேடி மண்ணுக்கும் காய்ந்த இலைக்கும் போனது. எனக்கு இந்த வேறுபாடு மிக அழகாகப் படுகிறது.

இன்னொரு தகவல். மல்ட்டிகேமின் முதல் வடிவம் ‘ஸ்கார்ப்பியன்’ என்ற பெயரில் 2002 வாக்கிலேயே நேட்டிக்கும் கிரை நிறுவனமும் சேர்ந்த ஒரு திட்டத்தில் உருவாகியிருந்தது. அதாவது யூசிபி பிறப்பதற்கு முன்பே, அதன் இடத்தைப் பிடிக்கப்போகும் துணி இருந்தது.

அதன் பிறகு நிரந்தரச் சீருடைக்காகப் பெரிய போட்டி ஒன்று நடத்தினார்கள். பல நிறுவனங்கள் காடு, வறண்ட நிலம், இடைப்பட்ட நிலம் என்று குடும்பமாக வடிவங்களைக் கொடுத்தன. நான்கு இறுதிச் சுற்றுக்கு வந்தன. பல வருடச் சோதனைக்குப் பிறகு, வென்றவர் யார் என்று அறிவிக்காமலேயே அது அடங்கிப்போனது. மல்ட்டிகேமையே வைத்துக்கொள்ளலாம் என்றால் உரிமைத் தொகையில் பேச்சு படியவில்லை. கடைசியில் ராணுவம் தன் கைவசம் இருந்த பழைய ஸ்கார்ப்பியனை எடுத்துக் கொஞ்சம் திருத்தி, ‘ஸ்கார்ப்பியன் டபிள்யூ2’ என்ற பெயரில் 2014-ல் தேர்ந்தெடுத்தது. 2015 ஜூலை 1 முதல் வீரர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்றானது. இன்றைய அமெரிக்கத் தரைப்படையின் உடை இதுதான்.

செலவும் மற்ற படைகளும்

யூசிபிக்கு ஆன செலவு சுமார் 500 கோடி டாலர் என்று 2012-ல் பத்திரிகைச் செய்திகள் மதிப்பிட்டன. சட்டை, பேன்ட்டோடு நின்றிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. மேலங்கி, பை, தோட்டா உறை, தலைக்கவச உறை எல்லாவற்றையும் அதே துணியில் செய்திருந்தார்கள். ஒரே நிறம் என்ற வசதி, நிறம் தவறிப்போனபோது எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

தரைப்படை மட்டும் இப்படிச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மரைன்கள் தனிச் சீருடை போட்டதும் மற்ற படைகளுக்கும் தனி அடையாளம் தேவைப்பட்டது. விமானப்படை புலிவரியைச் சதுரங்களாக்கி ஒன்று போட்டது. அது 2021 ஏப்ரல் வரை இருந்தது. கடற்படை நீலச் சதுரங்களில் ஒன்று போட்டது. கடலுக்குள் விழுந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்கத்தானே வேண்டும், நீலத்தில் எதற்கு மறைய வேண்டும் என்று பலரும் கேட்டார்கள். கப்பல் வேலையில் படியும் பெயின்ட்டும் எண்ணெய்க் கறையும் தெரியாமல் இருக்கும் என்பது ஒரு பதில். அந்தத் துணி தீப்பிடித்தால் உருகி ஒழுகுகிறது என்று பின்னால் சோதனையில் தெரியவந்தது. கப்பலில் தீ என்பது எவ்வளவு பெரிய ஆபத்து! 2019-ல் அதுவும் போனது.

2002-க்கு முன் எல்லாப் படைகளும் பகிர்ந்துகொண்டிருந்தது இரண்டே வடிவங்கள். அதற்குப் பிறகு பத்து வருடத்தில் ஏழு புதிய சீருடைகள் வந்துவிட்டன என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2012 செப்டம்பரில் கணக்குக் காட்டியது. பாலைவனத்துக்கு இரண்டு, காட்டுக்கு இரண்டு, ‘எல்லாவற்றுக்கும்’ என்ற பெயரில் மூன்று. ஒரே களத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் வீரர்கள், எந்தப் படையைச் சேர்ந்தவர்கள் என்பதைப் பொறுத்துக் கூடவோ குறையவோ பாதுகாப்பு பெற்றார்கள். அடுத்த வருடமே, எல்லாப் படைகளும் பொதுச் சீருடையை நோக்கி வர வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதியது. விமானப்படை இப்போது தரைப்படையின் அதே துணியைத்தான் அணிகிறது.

நீங்களே பார்க்கலாம்

இதெல்லாம் சரி, ஒரு துணி நன்றாக மறைக்குமா என்று சாதாரண ஆள் எப்படித் தெரிந்துகொள்வது? கையில் போன் இருந்தால் போதும். யூசிபி அணிந்த வீரர் மரங்களுக்கு முன்னால் நிற்கும் படம் ஒன்றையும், பழைய வுட்லேண்ட் அணிந்தவர் படம் ஒன்றையும் தேடி எடுங்கள். போனில் இருக்கும் எடிட்டிங் வசதியால் இரண்டையும் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறம் போய்விடும், வெளிச்ச அளவு மட்டும் மிஞ்சும். அப்புறம் படத்தைச் சின்னதாக்குங்கள், அல்லது போனை மேசைமேல் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வுட்லேண்டில் கறுப்புத் திட்டுகளும் வெளிர்த் திட்டுகளும் அப்போதும் தனித்தனியாக நிற்கும், தோளும் கையும் எங்கே முடிகின்றன என்று தேட வேண்டியிருக்கும். யூசிபியில் ஆள் முழுவதும் ஒரே சாம்பலாக, தலை முதல் கால் வரை கோடு போட்டது போலத் தெரிவார். நம் ஊர்ப் பக்கம் 2022 ஜனவரி ராணுவ தினத்தில் இந்திய ராணுவம் அறிமுகப்படுத்திய புதிய சதுரக் கோலச் சீருடையின் படத்தையும் இதே போல மாற்றிப் பார்க்கலாம். பார்க்கும்போது சதுரங்களை விட்டுவிட்டு, மிக இருண்ட நிறத்துக்கும் மிக வெளிறிய நிறத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது, அந்தத் திட்டுகள் எவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்று மட்டும் கவனியுங்கள்.